‘ஒரிஜினல்’ என்று பில் போட்டுக் கொடுத்த விண்டோஸ்: ஒரு புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், ஜெராக்ஸ் மற்றும் ஆன்லைன் சேவைக் கடை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், கணினி விற்பனை மற்றும் சர்வீஸ் நிறுவனம், கிருஷ்ணகிரி.

பொருள்: நீங்கள் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்த கணினியில் வேவு மென்பொருள் இருப்பதாகச் சந்தேகம், விளக்கமும் பணமும் கேட்பது தொடர்பாக.

ஐயா,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், கடையின் முதல் கவுண்டர் கணினியைக் கடந்த மாதம் 9-ஆம் தேதி உங்களிடம் கொடுத்தோம். பழைய ஹோம் பதிப்புக்குப் பதில் ப்ரோ போடலாம் என்று சொன்னது உங்கள் ஆள்தான். கோப்புகளைச் சேமிக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டிக்கு ரூ.3,400, ‘விண்டோஸ் 11 ப்ரோ ஒரிஜினல்’ என்று ரூ.8,000, கூலி ரூ.1,000, ஆக மொத்தம் ரூ.12,400 கட்டினோம். பில் கையில் இருக்கிறது.

22-ஆம் தேதி மதியம் 2.20-க்கு, சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது, யாரும் மவுஸைத் தொடாமலே அம்புக்குறி நகர்ந்து குரோமில் சேமித்த கடவுச்சொற்களின் பக்கத்தைத் திறந்தது. இரண்டு நாளாகக் கடை மின்னஞ்சல் தானாக லாக் அவுட் ஆகிக்கொண்டிருந்ததற்கும், வங்கியிலிருந்து வரும் அஞ்சல்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்று அதில் முளைத்திருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

உங்களுக்கு போன் செய்தோம். “உங்க பசங்க எதையாவது டவுன்லோட் பண்ணியிருப்பாங்க. ஸ்கேன் போடுங்க, க்ளீன்னு வந்தா விட்டுடுங்க. இல்லேன்னா எடுத்துட்டு வாங்க, ஃபார்மட் பண்ணிடலாம், 800 ரூபா ஆகும்” என்றார் உங்கள் ஆள். ஸ்கேன் போட்டோம். க்ளீன் என்றுதான் வந்தது. ஏன் அப்படி வந்தது என்பதே இந்தப் புகாரின் முதல் விஷயம்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் சேர்த்த இடத்தை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பார்க்காது. எங்கள் கணினியில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது. வீட்டைக் காவல் காக்கச் சொல்லிவிட்டு வாட்ச்மேன் கண்ணைக் கட்டிவிட்டால் அவர் ‘திருடன் வரவில்லை’ என்றுதான் சொல்வார். இந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதை, கணினியில் நடப்பவற்றின் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் டிஃபெண்டருக்கான ஆபரேஷனல் பதிவு சொல்கிறது. அமைப்பு மாறினால் விழும் எண் 5007. எங்கள் பதிவில் அது விழுந்த நேரம் 9-ஆம் தேதி மாலை 4.12. கணினி எங்கள் கைக்குத் திரும்பி வந்தது அன்று இரவு 7 மணிக்கு. 4.12-க்கு அது உங்கள் மேஜையில் இருந்தது.

ஏன் செய்தீர்கள் என்பதும் தெரிகிறது. அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி’ கொடுத்தால் உரிமத்தின் வகை வந்துவிடும். கடையில் வாங்கியது என்றால் ‘ரீடெய்ல்’, கணினியோடு வந்தது என்றால் ‘ஓஇஎம்’ என்று இருக்கும். எங்களுக்கு வந்தது ‘வால்யூம் கேஎம்எஸ் க்ளையன்ட்’, காலாவதி 180 நாளில். இது பெரிய அலுவலகங்கள் தங்கள் சொந்த சர்வர் வழியாகச் செய்துகொள்ளும் ஆக்டிவேஷன். அந்த சர்வரும் குறைந்தது 25 கணினிகள் கேட்ட பிறகுதான் விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கும். எங்களிடம் இருப்பவை மூன்று. இல்லாத சர்வரை இருப்பதாக ஏமாற்றும் கிராக் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதை டிஃபெண்டர் பிடித்துத் தூக்கிவிடும் என்பதால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறீர்கள். ரூ.8,000 எதற்கு வாங்கினீர்கள்?

இனி, உள்ளே கண்டது. கேபிளைப் பிடுங்கினால் தொடர்புகள் மறைந்துவிடும் என்பதால், முதலில், கணினி யாரோடெல்லாம் தொடர்பில் இருக்கிறது என்று காட்டும் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ கட்டளையைக் கொடுத்துத் திரையை போனில் படம் எடுத்தோம். பிறகுதான் லேன் கேபிளை உருவி வைஃபையை நிறுத்தினோம். பட்டியலில் 11100 என்ற போர்ட் (தொடர்புக்கான வாசல் எண்) முதலில் கண்ணில் பட்டது. அது விரல்ரேகைக் கருவிக்கான ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள். ஆதார் வழியாகப் பணம் எடுத்துக் கொடுக்கும் எந்தக் கடையிலும் இருக்கும், அதில் தவறில்லை. (பதற்றத்தில் அதை நீக்கிவிட்டு மறுநாள் கருவி வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.) தவறு இருந்தது வேறொரு வரியில். வெளியூர் முகவரி ஒன்றோடு நிலையாகத் தொடர்பு வைத்திருந்த அந்த வரியின் பிஐடி எண்ணை, அதாவது ஓடும் நிரலின் அடையாள எண்ணை, டாஸ்க் மேனேஜரில் தேடினால், ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று பெயர். பெயர் விண்டோஸுடையது. ஆனால் அசல் எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும். இதுவோ ஆப்டேட்டா, ரோமிங் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பமும் இல்லை. டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸ் அப்டேட் மாதிரிப் பெயர் வைத்த ஒரு வேலை, லாகின் ஆகும்போதெல்லாம் இதைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஃபோல்டர் உருவான தேதி 9.

கோப்பை எங்கும் அப்லோட் செய்யவில்லை. கோப்பின் விரல்ரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை மட்டும் எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் முடிவைக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் வேறு கணினியிலிருந்து தேடினோம், கடவுச்சொல் திருடும் வகை என்று பல இன்ஜின்கள் சொல்லின. விலக்கை எடுத்துவிட்டு டிஃபெண்டரை ஆஃப்லைன் ஸ்கேனில் (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன் ஓடுவது) ஓடவிட்டதும், ‘க்ளீன்’ என்ற அதே டிஃபெண்டர் அதையே பிடித்தது.

இரண்டாவது விஷயம், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க். அந்த மென்பொருள்மேல் குறையில்லை, நாங்களும் பயன்படுத்துவதுதான். நீங்கள் அதில் ஆள் இல்லாமலே நுழையும் வசதியைப் போட்டுக் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ப்ரோக்ராம்டேட்டா ஃபோல்டரில் இருக்கும் கனெக்‌ஷன் ட்ரேஸ் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால், யார் எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பது வரிசையாக இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால் ‘யூசர்’ என்றும், கடவுச்சொல் போட்டு நுழைந்தால் ‘பாஸ்வேர்ட்’ என்பதன் சுருக்கமும் விழும். 20, 21, 22 ஆகிய மூன்று நாளும் மதியம் இரண்டிலிருந்து இரண்டரைக்குள் மூன்று நுழைவுகள், மூன்றும் கடவுச்சொல் வகை. நுழைந்த ஐடி உங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் சப்போர்ட் ஐடி இல்லை. அப்படியானால் கடவுச்சொல் வெளியே போயிருக்கிறது. இதை போனில் கேட்டபோது உங்கள் ஆள் சாதாரணமாகச் சொன்ன பதில்: “எல்லா கஸ்டமருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் சார், ஞாபகம் வெச்சுக்க ஈஸி.”

உங்களிடம் கணினி வாங்கிய மற்றக் கடைகளையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. மூன்று பேர் ஷிஃப்ட் மாறி உட்காரும் கணினி அது. யாராவது தவறான இணைப்பைத் தட்டியிருக்க வாய்ப்பே இல்லை என்று சத்தியம் செய்யமாட்டோம். ஆனால் மூவருக்கும் சேர்த்துக் கடவுச்சொல் இல்லாத ஒரே அட்மின் அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தது நீங்கள். தனித்தனி ஸ்டாண்டர்ட் யூசர் கேட்டபோது “அப்புறம் பிரின்டர் சிக்கல் வரும்” என்றீர்கள். பிரின்டர் ஸ்டாண்டர்ட் யூசரிலும் வேலை செய்யும். டிரைவர் போடும்போது மட்டும் அட்மின் கடவுச்சொல் கேட்கும், அவ்வளவுதான்.

ஃபார்மட்டுக்கு உடன்படமாட்டோம். மேலே சொன்ன பதிவுகள் எல்லாம் அந்த எஸ்எஸ்டியில்தான் இருக்கின்றன. அதைக் கழற்றி, உறையில் போட்டு ஒட்டி, தேதியெழுதி வைத்துவிட்டோம். வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டாயிற்று. பழையதிலிருந்து பிடிஎஃப், படங்கள், எக்செல் கோப்புகள் மட்டும் நகல் எடுத்தோம்; திறந்தால் நிரலை ஓட்டிவிடும் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், ஷார்ட்கட் கோப்புகள் ஒன்றுகூட வரவில்லை. கடவுச்சொற்களைத் தனி போனிலிருந்து, அதன் சொந்த டேட்டாவில் மாற்றினோம். அதே கணினியில் மாற்றினால் புதுச் சாவியையும் திருடனிடமே கொடுத்தது போல. குக்கீயை (லாகினை நினைவில் வைக்கும் சிறு கோப்பு) திருடியவனுக்குப் பழைய லாகின் போதும் என்பதால் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றவும் செய்தோம். வங்கிக்குத் தகவல் கொடுத்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்தாயிற்று. பணம் போகவில்லை. வாடிக்கையாளர்களின் ஆதார், வருமானச் சான்று ஸ்கேன்கள் போயிற்றா என்பதை எங்களால் சொல்ல முடியாது.

நாங்கள் கேட்பது: விண்டோஸுக்கு வாங்கிய ரூ.8,000-ஐ உடனே திருப்பித் தர வேண்டும். புது எஸ்எஸ்டிக்குச் செலவான ரூ.3,400-ஐயும் தர வேண்டும். 9-ஆம் தேதி எங்கள் கணினியில் என்னென்ன போட்டீர்கள், எந்தப் பென்டிரைவிலிருந்து போட்டீர்கள், அன்று அதைக் கையாண்டவர் யார் என்பதை எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும். போனில் சொல்வது போதாது. அந்தப் பொதுக் கடவுச்சொல்லை உங்கள் எல்லா வாடிக்கையாளர் கணினிகளிலும் எடுத்துவிட்டு, அவர்களுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் எங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கப் போவதும் இல்லை.

கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம். ‘கடைக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று சொல்ல நினைத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படித்துவிடுங்கள்: பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்த விலக்கில் வரமாட்டார். உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது பற்றி 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பேசுகிறது.

உறையைப் பார்க்க உங்கள் ஆள் வருவதானால் காலை 11 மணிக்கு மேல் வரட்டும். பென்டிரைவ் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், 5007 பதிவின் படம், உரிம விவரத் திரையின் படம், எனிடெஸ்க் நுழைவுப் பதிவின் நகல்.