மேல்மாடியில் இரண்டு அறைகள்: பங்குப் பேரவையின் தமிழ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜேர்மனியில் நாம் சேர்ந்திருக்கும் கத்தோலிக்கப் பங்கின், அதாவது கோவில் சமூகத்தின், பேரவையில் தமிழ் மக்களின் சார்பில் அமர்ந்திருக்கும் மூவருக்கும், வாக்களித்து உங்களை அங்கே அனுப்பிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பங்கு மண்டபத்தின் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளை ஆப்கானியத் தாய் ஒருவருக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தேவாலயத் தஞ்சமாகக் கொடுக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, 5 கைகள் ஆதரவாகவும் 7 கைகள் எதிராகவும் உயர்ந்தன. அந்த ஏழில் மூன்று உங்களுடையவை. பார்வையாளர் வரிசையில் இருந்த நான் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பேசியிருந்தால் மரியாதை தவறியிருப்பேன். ஐந்து நாட்கள் பொறுத்திருந்து இப்போது எழுதுகிறேன். விசேட கூட்டமொன்றைக் கூட்டி இந்த விடயத்தை மீண்டும் எடுக்கும்படி நீங்கள் மூவரும் கோர வேண்டும், அந்த அறைகளைத் திறந்துவிட வாக்களிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தத் தாயை நீங்கள் சந்தித்ததில்லை. வியாழக்கிழமைகளில் ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், இருக்கும் பெண்களுக்கு ஜேர்மன் மொழி சொல்லிக்கொடுக்கப் போவதால் எனக்கு அவரைத் தெரியும். கணவர் இல்லை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. வரும் வழியில் பல்கேரியாவில் அவருடைய கைரேகையைப் பதிந்துவிட்டதால், ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான டப்ளின் விதிப்படி அந்த நாடுதான் அவருடைய விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பியனுப்பும் கடிதம் வந்திருக்கிறது. கூட்டிப்போக வருகிற பொலிஸார் விடியப்புறத்தில்தான் வருவார்கள் என்பது ஹைமில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இவர் இரவு மூன்று மணிக்கு எழுந்து, படிக்கட்டுக்கு மேலே ஒரு கதிரையைப் போட்டு, ஆறு மணிவரை வீதியைப் பார்த்தபடி இருக்கிறார். நாலரை மணிக்குப் பத்திரிகை போடுகிற வான் ஒன்று வாசலில் வந்து நிற்கும். அதன் சத்தம் அவருக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. ஆனாலும் ஒரு நாள் அது வேறு வானாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி உட்கார்த்தி வைக்கிறார். மகன் சப்பாத்தோடுதான் படுக்கிறான். வீட்டுப்பாடம் பார்ப்பதற்காக அவனுடைய பள்ளிக்கூடப் பையைத் திறக்கச் சொன்னேன். கொப்பிகளுக்கு மேலே தங்கையின் உடுப்புகளும், பாதி முடிந்த இருமல் மருந்துப் போத்தலும், பொலித்தீன் பையில் சுற்றிய குடும்பப் படமும் இருந்தன. வகுப்பில் நித்திரையாகிவிடுகிறான் என்று ஆசிரியை எழுதியனுப்பிய துண்டு அவற்றுக்கு அடியில் மடிந்து கிடந்தது.

அவர் கேட்பது பதினொரு வாரங்கள். திருப்பியனுப்புவதற்கான ஆறு மாதக் காலக்கெடு அதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அவருடைய விண்ணப்பத்தை ஜேர்மனியே விசாரித்தாக வேண்டும். அதுவரை அவரும் பிள்ளைகளும் கோவில் வளவைவிட்டு வெளியே போகாமல் அந்த இரண்டு அறைகளில் இருப்பார்கள். பங்கு அதை அரசிடம் மறைப்பதும் இல்லை. அவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று முதல் நாளே எழுதி அறிவிக்க வேண்டும். 1983 ஓகஸ்ட் 30 அன்று, துருக்கிக்கு அனுப்பப்படும் அச்சத்தில் செமால் கெமால் அல்துன் என்ற இளைஞர் பேர்லின் நிர்வாக நீதிமன்றத்தின் ஆறாம் மாடியிலிருந்து குதித்து இறந்ததையடுத்து, அதே நகரில் ஒரு தேவாலயம் பாலஸ்தீனக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்ததில் தொடங்கிய வழக்கம் இது. 2024இல் மட்டும் நாடு முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட தேவாலயத் தஞ்சங்கள் பதிவாகின. அண்மைக் காலத்தில் சில இடங்களில் பொலிஸார் உள்ளே நுழைந்தும் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. சட்டச் சிக்கல் வரும் என்று நீங்கள் அஞ்சியிருந்தால், அந்த அச்சத்தை மதித்துப் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் அன்று நீங்கள் சொன்ன காரணம் அது அல்ல.

‘இது கிறிஸ்தவப் பங்கு, அவர்கள் முஸ்லிம்கள். கோவில் ஏற்கெனவே காலியாகிக்கொண்டு போகிறது. மிஞ்சியிருக்கிற அடையாளத்தையாவது காப்பாற்றுவோம்’ என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் தலையசைத்தீர்கள்.

கோவில் காலியாகிறது என்பது உண்மை. பத்து மணிப் பூசைக்கு நானும் வருகிறேன், எண்ணிப் பார்க்கிறேன். 1950இல் இந்த நாட்டுக் கத்தோலிக்கரில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். 2024இல் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 2022 என்ற ஒரே ஆண்டில் 5,20,000க்கும் அதிகமானோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்களில் யாரையும் ஓர் அகதித் தாய் வெளியே தள்ளவில்லை. வருமான வரித் தொகையில் எட்டோ ஒன்பதோ சதவீதத்தைத் தேவாலய வரியாக மேலதிகமாகக் கட்டுவது பலருக்குப் பாரமாக இருந்தது. பலருக்கு விசுவாசம் மெல்ல மெல்லக் கரைந்தது. 1946 முதல் 2014 வரை 3,677 பிள்ளைகளும் இளவயதினரும் குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானதற்கான தடயங்கள் ஆயர்களே நியமித்த ஆய்வில் 2018இல் வெளிவந்தபோது பலர் மனம் வெறுத்து வெளியேறினார்கள். கோவில் காலியானதற்குக் காரணம் உள்ளே இருந்தது. அதற்கான தண்டனையை வெளியே கதவருகில் நிற்கிற ஒருத்திக்குக் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

அடையாளம் என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பியூ ஆய்வு மையம் மேற்கு ஐரோப்பாவின் 15 நாடுகளில் நடத்திய ஆய்வொன்றை 2018இல் வெளியிட்டது. தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோரில் பெரும்பாலோர் கோவிலுக்கு ஒழுங்காகப் போவதில்லை என்று அது கண்டது. அது நமக்குப் புதிதல்ல. அதற்கு அடுத்த முடிவுதான் என்னை வெட்கப்படுத்தியது. எந்த மதத்தையும் சேராதவர்களைவிட, கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோரே குடியேறிகளையும் முஸ்லிம்களையும் குறித்து அதிகம் எதிர்மறையான கருத்து வைத்திருந்தார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. பூசைக்கு வராதவர்கள்தான் வெறும் பெயரைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன். செவ்வாய்க்கிழமை எதிராகக் கை உயர்த்திய நீங்கள் மூவரும் ஒரு ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர்கள்.

2014 மார்கழியில் ட்ரெஸ்டன் நகரில், மேற்குலகத்தை இஸ்லாமிடமிருந்து காக்கப் புறப்பட்டதாகச் சொன்ன கூட்டம் ஒன்று திரண்டு நத்தார்ப் பாடல்களைப் பாடியது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதம் 5ஆம் திகதி அதே குரல் கேளின் (கொலோன்) நகருக்கு வந்தபோது, அங்குள்ள பேராலயம் தன் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் நின்றது. 2024 மாசியில் இந்த நாட்டு ஆயர்கள் ஒருமித்து, இனவழித் தேசியவாதமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போக முடியாதவை என்று அறிவித்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டெம்பர் 6ஆம் திகதி ஐரோப்பாவின் ஒவ்வொரு பங்கும் ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்க வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு லெஸ்போஸ் தீவிலிருந்து தம்முடைய விமானத்திலேயே 12 சிரியர்களை உரோமைக்குக் கூட்டிவந்தார்; அந்த மூன்று குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்கள். அவருடைய படம் எங்கள் மண்டபத்தின் கீழ்மாடிச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே அமர்ந்துதான் அன்று நீங்கள் கை உயர்த்தினீர்கள்.

‘நாங்கள் யுத்தத்தில் இருந்து வந்தோம், இவர்கள் காசுக்கு வருகிறார்கள்’ என்று இன்னொருவர் சொன்னார். 1985இல் கிழக்கு பேர்லினில் இறங்கி, பிரீட்ரிச்ஸ்திராசே நிலையம் வழியாக மேற்குப் பக்கம் வந்து நின்ற நம்மைப் பார்த்தும் இதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. பொருளாதார அகதிகள், பொய் அகதிகள் என்று நம்மை எழுதாத பத்திரிகை குறைவு. அந்த மார்கழியில் ஹைமில் இடமில்லாமல் போனபோது, இதே பங்கு, இதே மண்டபத்தின் இதே மேல்மாடி அறைகளில் நம்மில் ஒன்பது பேரைப் படுக்கவிட்டது. அவர்களில் நானும் ஒருத்தி. உங்களில் மூத்தவர் இன்னொருவர். ஹீற்றருக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று முறை வைத்துப் படுத்தோம். காலையில் பங்கு மக்களில் இரண்டு வயதான பெண்கள் பாணும் பாலும் கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் ஒன்பது பேரில் ஐந்து பேர் சைவர்கள். அவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டும்படி அந்தப் பெண்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

அண்ணை, நீங்கள் அதை மறந்திருப்பீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நாம் மன்னார் மண்ணிலிருந்து வந்தவர்கள். நாம் கும்பிடுகிற மடு மாதாவே ஓடிவந்தவர்களோடு ஓடிவந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் சுமந்து வரப்பட்ட சுரூபம் அது. 2008 சித்திரையில் யுத்தம் கோவில் வாசலுக்கே வந்தபோது, அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். 1990இல் என் அம்மா மடுக் கோவில் வளவில் மரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். பக்கத்துப் பாயில் ஒரு சைவக் குடும்பம் இருந்ததாகவும், இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்ததாகவும் எனக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டு, உடுத்த உடுப்போடு படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் நம் அயலவர்கள். இங்கே பத்திரமாக இருந்த நான்கூட அன்று அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி இன்றும் என்னோடு இருக்கிறது. 1995 ஆடி 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. கோவிலுக்குள் போனால் உயிர் தப்பும் என்று நம்பி ஓடுவது எப்படிப்பட்டது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்தப் பங்கில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு ஆவணியிலும் இந்த நாட்டு மாதா திருத்தலமான கேவலாருக்கு ஆயிரக்கணக்கில் போகிறோம். துன்பப்படுவோருக்கு ஆறுதலானவர் என்று அழைக்கப்படும் அன்னையின் அந்தக் கையளவு படத்துக்கு முன்னால், நம்மோடு வரும் சைவ மக்கள் மெழுகுதிரி ஏற்றி அழுகிறார்கள். அதனால் கேவலாரின் கிறிஸ்தவ அடையாளம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் மாதாந்தத் தமிழ்ப் பூசையில் தாயகத்துக்காக ஒவ்வொரு முறையும் மன்றாடுகிறோம், மன்றாடத்தான் வேண்டும். ஆனால் மத்தியதரைக் கடலில் மூழ்கிப்போகிறவர்களுக்காக இத்தனை ஆண்டுகளில் ஒரு மன்றாட்டுக்கூட நம் தாளில் எழுதப்படவில்லை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் பந்தலும் சாப்பாடும் ஒழுங்குசெய்ய நம்மிடம் ஆளும் பணமும் எப்போதும் இருக்கின்றன. பிள்ளைகள் பூசைக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கவலைப்படுகிறோம். என் மகள் கோவிலை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய்க்கிழமை நடந்ததை அவளுக்குச் சொன்னேன். ‘அம்மா, நீங்கள் ஏன் இன்னும் போகிறீர்கள்?’ என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததிலிருந்து விலகிவிட்டேன். உங்களை அவமதிப்பது என் நோக்கம் அல்ல. மூவரும் இந்தச் சமூகத்துக்காக ஓடியாடி உழைத்தவர்கள். என் கணவர் இறந்தபோது அடக்கம் முடியும்வரை என் வீட்டிலேயே நின்றவர்கள். அந்த உரிமையில்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். ‘அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்’ என்ற வசனத்தைத் திருவிழாவில் ஒலிவாங்கியில் வாசித்தவர் உங்களில் ஒருவர்தான்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். பேரவையின் அடுத்த கூட்டம் நான்கு வாரங்களுக்குப் பிறகுதான். அதற்குள் அந்தக் குடும்பத்தைக் கூட்டிப்போய்விடக்கூடும். மூன்று உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டால் விசேட கூட்டம் கூட்டலாம் என்று பங்குத்தந்தை என்னிடம் சொன்னார். அந்த மூன்று கையெழுத்துகள் உங்களுடையவையாக இருக்கட்டும். உங்கள் மூன்று கைகளும் மறுபக்கம் உயர்ந்தால் 8க்கு 4 ஆகிவிடும். வேறு யாரையும் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

செலவும் வேலையும் பேரவையின் தலையில் விழாது. சமையலுக்கும், மருத்துவரை வளவுக்குக் கூட்டிவரவும், இரவில் மண்டபத்தில் படுக்கவும், பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் தமிழரும் ஜேர்மானியருமாகப் பதினான்கு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். பட்டியல் என்னிடம் இருக்கிறது. இரண்டு கட்டில்களும் மூன்று மெத்தைகளும் என் வாகனத் தரிப்பிடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. மேல்மாடியின் திறப்பு பங்கு அலுவலகத்தில், செயலாளரின் மேசை லாச்சியில் கிடக்கிறது. இந்த வாரம் எந்த நாளில், எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும், கடிதத்தில் உங்கள் கையெழுத்துகளை வாங்கிக்கொள்ள வீடு தேடி வருகிறேன்.

பணிவுடன்,
1985 மார்கழியில் அந்த அறைகளில் படுத்திருந்த ஒன்பது பேரில் ஒருத்தி