ஈறைப் பற்றும் இழைகள்

இராயபுரம்,
சென்னை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மெட்ரோ வந்தும் எம்.சி. ரோட்டின் நெரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னதையும், வாய் கொப்பளிக்கும் மருந்து போதாதா என்று நீ கேட்டிருப்பதையும் படித்தேன். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களோடு காலம் தள்ளியவன் என்பதால், போதாது என்பதற்கான காரணத்தை ஈறு நோய்க்குக் காரணமான ஒரு பாக்டீரியாவின் மேற்பரப்பிலிருந்தே சொல்கிறேன்.

ஈறு நோய் முற்றியவர்களின் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தில் அடிக்கடி காணப்படுவது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா. காற்று ஆகாத, நீந்தவும் தெரியாத உயிரி. இரத்தம் கலந்த ஊட்டத்தட்டில் வளர்த்தால் அதன் திட்டுகள் சில நாட்களில் பழுப்பேறிப் பிறகு நன்றாகக் கறுத்துவிடும். இரத்தத்திலுள்ள ஹீம் என்ற இரும்பு கலந்த பொருளை அது தன் மேற்பரப்பில் சேர்த்துவைப்பதால் வரும் கறுப்பு அது.

நீந்தத் தெரியாவிட்டாலும் பற்றிக்கொள்ள நன்றாகவே தெரியும். அதன் புறச்சவ்விலிருந்து ஃபிம்ப்ரியா எனப்படும் இரண்டு வகை இழைகள் நீள்கின்றன. ஃபிம்ஏ புரதத்தாலான நீண்ட இழை ஈறின் செல்களைப் பிடிக்கிறது. எம்எஃப்ஏ1 புரதத்தாலான குட்டை இழை, பல்லில் முன்பே குடியேறிவிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கார்டோனி என்ற வேறொரு பாக்டீரியாவைப் பிடிக்கிறது. இடையில் ஃபுசோபாக்டீரியம் என்ற நீள உயிரி தன் ஒட்டுப்புரதங்களால் முன்னே வந்தவரையும் பின்னே வருபவரையும் சேர்த்துக் கட்டுகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அந்த இழை உருவாகும் விதம். ஃபிம்ஏ துண்டு ஒவ்வொன்றும் முனையில் ஒரு மூடியோடுதான் புறச்சவ்வுக்கு வந்து சேர்கிறது. ஜிஞ்சிபெய்ன் என்ற நொதி அந்த மூடியை வெட்டிய பிறகே, திறந்த பள்ளத்தில் இன்னொரு துண்டின் வால் நுழைந்து, பெரம்பூரில் ரயில் பெட்டிகளைக் கோப்பதைப் போல இழை நீண்டுகொண்டு போகிறது. அந்த நொதியை நீக்கிய திரிபுகளில் இழைகள் உருவாவதில்லை. நம் ஈறுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தையும், நோயை எதிர்க்க வரும் புரதங்களையும் துண்டாடுவதும் அதே நொதிதான். இந்தப் பாக்டீரியாவின் சில ரகங்கள் இழையைக் குறைத்துக்கொண்டு, சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்திக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் திணறும்.

இப்படி ஒன்றையொன்று பற்றி, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையின் சொரசொரப்பின்மேல் படலமாகப் படிந்திருப்பவற்றைக் கொப்பளிக்கும் மருந்து மேலோடு தொட்டுவிட்டுப் போகுமே தவிர, பள்ளத்தின் அடிக்கு இறங்காது. கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உப்பும் கரியும் போட்டு விரலால் தேய்த்த காலத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாய். அப்படித் தேய்த்தவர்களில் எத்தனை பேர் பொக்கை வாயோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நீ பார்த்தவன்தானே. இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவது அதைவிட மோசம்.

சுத்தம் செய்தபின் சில நாள் பல் கூசும், அஞ்சாதே. உனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அந்த மருத்துவரிடம் சொன்னாயா? அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோயும் முற்றும். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையின் அளவைப் பதிலில் எழுது.

அன்புடன்,
கணேசன்