இருபத்தைந்தாவது இடம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து தண்ணீர்மலைப் படிகளை ஏறிவிட்டு வந்தாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் எல்லாரும் நலம்.

பேத்தி ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள் என்று எழுதியதற்கு, “வெயில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனி விளையாட்டு எதற்கு?” என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அந்தக் கேள்வி மனதிலேயே நிற்கிறது.

சனிக்கிழமைகளில் அவளை சன்வே பிரமிட் மாலில் உள்ள ஐஸ் ரிங்க்குக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அவள் ஐஸில் இருக்கும்வரை நான் ஸ்வெட்டரோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. அவள்தான் கையைப் பிடித்து நடத்திப் போவாள். இந்த மால் ரிங்க்கில் சறுக்கிப் பழகிய பையன்தான் நம் நாட்டு ஸ்கேட்டிங் வீரர் ஜூலியன் யீ. விடுமுறைக் கூட்டம் கம்பியைப் பிடித்துத் தள்ளாடும் அதே ஐஸ்.

2017 சீ விளையாட்டு, அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, நம் கோலாலம்பூரில் நடந்தபோது முதன்முறையாகப் பனி விளையாட்டுகளையும் சேர்த்தார்கள், நினைவிருக்கிறதா? ஐஸில் இசைக்கேற்ப ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் தங்கம் வாங்கினார். அடுத்த பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக். மலேசியா அதில் கலந்துகொண்டது அதுதான் முதல் முறை. போனது இரண்டே பேர்: ஜூலியனும், பனிமலையில் சறுக்கி இறங்கும் மலைச்சறுக்கில் ஜெஃப்ரி வெப்பும்.

ஃபிகர் ஸ்கேட்டிங் ஆண்கள் பிரிவில் முப்பது பேர். முதல் சுற்று ஆட்டம் மூன்று நிமிடம்கூட இல்லை. அதில் முதல் இருபத்து நான்கு பேருக்குத்தான் அடுத்த சுற்று. ஜூலியன் இருபத்தைந்தாவது. மச்சான், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு இடம்! வெப்ப நாட்டிலிருந்து ஒருவர் வந்தாரே என்று உலகம் அவரை அதிசயமாகப் பார்த்ததில் எனக்குப் பெருமை வரவில்லை. அவர் வேடிக்கை காட்டப் போகவில்லை. இருபத்து நான்குக்குள் வரப் போனார், கிட்டத்தட்ட வந்தும்விட்டார். அதைத்தான் நாம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மலைச்சறுக்கு இன்னும் கடினம். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் முதலில் இறங்குவார்கள். நம்மைப் போன்ற சின்ன அணிக்காரர்களின் முறை வருவதற்குள் அத்தனை பேரின் பலகைகளும் உழுது, திருப்பங்களில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் நம் ஆள் திரும்ப வேண்டும். வெப் அப்படித்தான் இறங்கினார். 2022 பெய்ஜிங்கிலும் இரண்டே பேர், அவரும் அருவின் சாலேஹுடினும். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகப் போட்டியிட்ட முதல் பெண் அவர்தான். நேரப் பட்டியலில் அவர் பெயர் எங்கே இருந்தாலும் எனக்குச் சரி.

பேத்தி ஒலிம்பிக் போவாளா என்றெல்லாம் நான் யோசிப்பதில்லை. ஆனால் ஜூலியனின் ஆட்டத்தைக் காட்டியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “தாத்தா, இவரு நம்ம ரிங்க்லதான் பழகினாரா?” உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான்.

ரிங்க்கில் பிள்ளைகளுக்கு முதலில் விழத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவரின் பிளேடு ஏறிவிடாமல் இருக்க. போன வாரம் ஏழு முறை விழுந்தாள், ஏழு முறையும் கை மடங்கியே இருந்தது. இப்போது ஒற்றைக் காலில் கொஞ்ச தூரம் வழுக்கிப் போகிறாள்.

பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி வந்துவிடேன். வந்து அவளைப் பார். அப்புறம், மறக்காமல் ஸ்வெட்டர் கொண்டு வா, அங்கே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்