முக்கோண நட்சத்திரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் ஏன் இவ்வளவு தாமதம் என்று திட்டாதே. வானம் தொடர்ந்து தெளிவாக இருந்தது. ராத்திரி மாடியில், பகலில் படுக்கையில் என்று ஓடிவிட்டது பொழுது.

நீயும் டெலஸ்கோப் வாங்கப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு அந்த அட்டைக் குழாய்தான் ஞாபகம் வந்தது. பிளஸ் ஒன் பவர் மூக்குக்கண்ணாடி வில்லை ஒன்று எங்கிருந்தோ கொண்டுவந்தாயே! அதன் குவியதூரம் ஒரு மீட்டர் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு மீட்டருக்குக் குழாய் ஒட்டினோம். உன் தோள்தான் ஸ்டாண்டு. நீ மூச்சு விட்டால் நிலா ஓடிப் போகும். நிலாவின் ஓரத்தில் ஊதாவும் மஞ்சளுமாகக் கோடு தெரிந்தது, அதை நாம் ஏதோ கண்டுபிடிப்பு என்று நினைத்தோம். நாற்பது வருஷம் கழித்து இன்றைக்கும் பாதி டெலஸ்கோப்களின் வியாதி அதேதான்: ஸ்டாண்டு சரியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் (மரப்பலகை ஸ்டாண்டில் உட்காரும் எளிய டெலஸ்கோப்), 1200 மில்லிமீட்டர் குவியதூரம், ஆறேழு வருஷம் பழையது. விற்பவரே "எதைப் பார்த்தாலும் கூர்மையாக இல்லை" என்று ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்திருக்கிறார், வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். என்னுடையதை நான் வாங்கியதும் இதே குறையைச் சொல்லி விற்றவரிடம்தான். அந்தக் கதையை உனக்குச் சொல்லவே இல்லை.

பகலில் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை, பூச்சு நன்றாக இருந்தது. கொண்டுவந்துவிட்டேன். முதல் ராத்திரி உச்சியில் இருந்த ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து 200 மடங்குக்குப் போனேன். புள்ளியாகத் தெரிய வேண்டியது, மூன்று பக்கமும் கொம்பு முளைத்த நெருஞ்சி முள் மாதிரி தெரிந்தது. காலிமேஷன் சரியில்லை என்று நினைத்து மூன்று தடவை கண்ணாடிகளை நேர்ப்படுத்தினேன். மாறவில்லை. கண்ணாடியைத் தேய்த்ததிலேயே கோளாறு, ஏமாந்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்துப் பார்த்தேன். நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து கொஞ்சம் விலக்கினால், நடுவில் கருப்புப் பொட்டு வைத்த வட்டத் தட்டாக, வளையம் வளையமாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது மூலை மழுங்கிய முக்கோணம். அப்போதுதான் பொறி தட்டியது. பிரதான கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப்புகள் மூன்று!

குழாயின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். கிளிப்புக்கு அடியில் இருந்த ரப்பர் துண்டுகள் மூன்றும் நசுங்கிப் பிதுங்கியிருந்தன. முந்தைய சொந்தக்காரர் கண்ணாடி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார். நல்ல கண்ணாடியின் பரப்பு ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு வரை, அதாவது சுமார் 70 நானோமீட்டர் வரை மட்டும்தான் பிசகலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் திருப்புளியின் ஒரு சுற்று பூகம்பம். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தாள் உரசாமல் போய்வருகிற அளவுக்குத் தளர்த்தினேன். அவ்வளவுதான் வைத்தியம். அன்று ராத்திரி அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எப்சிலான் லைரே என்ற நட்சத்திரக் கூட்டைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்று, பைனாகுலரில் இரண்டு, நல்ல டெலஸ்கோப்பில் நான்கு. ஜோடிக்குள் இடைவெளி இரண்டு விகலைக்குச் (விகலை என்றால் ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) சற்றே அதிகம். இரண்டு ஜோடியும் கத்தியால் வெட்டியது போலப் பிரிந்து நின்றன. விற்ற மனுஷனுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் வயிற்றெரிச்சல் எனக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

அதனால் "கூர்மையாக இல்லை" என்ற புகாரைக் கேட்டு ஓடாதே. பழைய டெலஸ்கோப் விலைக்கு வருவதற்கான காரணம் பெரும்பாலும் ஏதாவது ஒரு திருகாணி. ஒன்று அதிகம் முறுக்கியிருப்பார்கள், இல்லை தொடவே இல்லை. நீ பார்க்க வேண்டியது திருகாணியால் சரியாகாத குறைகளை.

அதில் முதலாவது கண்ணாடி. போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போ. ஆனால் பயந்துவிடாதே. இருட்டில் டார்ச் அடித்தால் எந்தக் கண்ணாடியும் குப்பைமேடு மாதிரிதான் இருக்கும். தூசி மறைக்கிற ஒளி அற்பம். ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் படத்தைக் கெடுக்காது, விலை பேச உதவும். பார்க்க வேண்டியது அலுமினியப் பூச்சு. பால் மாதிரி வெளுத்திருக்கிறதா, ஊசித்துளைகள் கூட்டமாக இருக்கிறதா என்று பார். இருந்தாலும் குடி முழுகிவிடாது. வளைவு கண்ணாடியில் இருக்கிறது, பூச்சு மேலே ஒரு மெல்லிய தோல்தான். பழசை அமிலத்தில் கரைத்துவிட்டு வெற்றிட அறையில் புதிதாகப் பூசித் தருவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் ஹெர்ஷல் காலத்தில் இந்த வசதி இல்லை. அவருடைய ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மங்கினால் மறுபடி மெருகேற்ற வேண்டும், மெருகேற்றினால் வளைவே மாறும், ஆக ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1857-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ கண்ணாடி மேல் வெள்ளி பூசிக் காட்டிய பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. வெள்ளியும் கறுக்கும் என்பதால் பிறகு அலுமினியம் வந்தது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தின் 100 அங்குல டெலஸ்கோப்புக்கே 1935-ல்தான் அலுமினியம் பூசினார்கள். உனக்கு இதில் வேண்டிய கணக்கு ஒன்றுதான்: மறுபூச்சுக்கும் அனுப்பி வாங்கவும் ஆகிற செலவைக் கழித்துக்கொண்டு விலையைச் சொல்.

வாங்கிய மறுநாளே கண்ணாடியைத் துடைக்க உட்காராதே. எனக்கு முன்பு ஒரு சின்னது இருந்ததே, ஆறு அங்குலம், அதைப் பளபளவென்று ஆக்குகிறேன் பேர்வழி என்று மூக்குக்கண்ணாடித் துணியால் தேய்த்தேன். தூசியில் மணல்துகள் இருக்கும் என்பது தேய்க்கும்போது மண்டையில் ஏறவில்லை. வட்டவட்டமாகக் கோடு விழுந்தது. யாரைக் குற்றம் சொல்ல? வருஷத்துக்கு ஒரு தரம், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், குழாயடியில் சாய்த்துப் பிடித்து நன்றாகத் தண்ணீர் ஓடவிடு. பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பஞ்சின் கனம் மட்டும் படும்படி ஒரு இழுப்பு இழு. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, திருப்பிப் பயன்படுத்தாதே. விரலால் அழுத்தாதே. கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் அதுவே காய்ந்துவிடும். அதைவிட முக்கியம், பனியில் நனைந்த குழாயை உடனே மூடி வைக்காதே. திறந்தபடி உலரவிட்டு அப்புறம் மூடு. பூஞ்சை பிடிப்பதே இந்த அவசரத்தில்தான். வில்லையில் பூஞ்சை வேரோடி அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது, ஆகவே கூடவே வரும் ஐபீஸ்களையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாய்கள்) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்.

அடிப்பலகை அநேகமாக மரத்தூள் அட்டையில் செய்தது. ஈரம் குடித்தால் ஊதும். ஓரத்தை விரலால் தடவிப் பார், உப்பியிருந்தால் தெரியும். ஊதியிருந்தாலும் பரவாயில்லை, அதே அளவுக்கு ஒட்டுப்பலகையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். இந்த வகை பிறந்ததே பழைய சாமானிலிருந்துதானே! ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தபோது கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். குழாயை இழுத்தால் முதலில் அசையாமல் அடம்பிடித்து, அப்புறம் வெடுக்கென்று நகர்ந்தால் நடுப்போல்ட்டு இறுகியிருக்கிறது அல்லது டெஃப்ளான் துண்டுகள் தேய்ந்துவிட்டன. இரண்டும் சில்லறை வேலை.

கூடவே ஒரு பெட்டி நிறைய உதிரிச் சாமான் தருவதாக எழுதியிருக்கிறாய். அதில் ஐபீஸில் திருகி மாட்டுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி, "சூரியன்" என்று எழுதியது, இருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடு. யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதே. குவிந்த சூட்டில் அது பட்டென்று விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கு வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்டா.

காலிமேஷனுக்கு லேசர் கருவி வாங்கப் போகிறேன் என்றாயே, கொஞ்சம் பொறு. மலிவு லேசர்கள் தாங்களே கோணலாக இருக்கும். ஐபீஸ் செருகுகிற ஃபோகஸரில் வைத்துச் சுழற்றினால் சிவப்புப் பொட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் அந்த லேசரை நம்பி நேர்ப்படுத்துவது குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவது மாதிரி. நாம் போட்டோ பைத்தியமாக அலைந்த நாளில் சேர்த்த பிலிம் டப்பா ஒன்றாவது உன் பரணில் கிடக்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் டப்பா ஒன்றேகால் அங்குல ஃபோகஸரில் ஏறத்தாழ அளவெடுத்தது போல உட்காரும். அடியில் நட்டநடுவே ஊசியால் துளை போட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே செருகி, துளை வழியாகப் பார். ஃபோகஸருக்கு நேரே குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி வட்டமாக, அதற்குள் பெரிய கண்ணாடி முழுசாக, அதற்குள் உன் துளையின் பிம்பம் நடுவில் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும். எது ஒதுங்கியிருக்கிறதோ அதன் திருகாணியைக் கால் சுற்று மட்டும் திருப்பு. முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது நாள் ஐந்து நிமிஷம்.

இனி மேற்கொண்டு என்னென்ன வாங்கலாம் என்ற உன் பட்டியல். படித்துச் சிரித்தேன். இன்னும் டெலஸ்கோப்பே வீட்டுக்கு வரவில்லை! மோட்டார் வேண்டாம், பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லை வேண்டாம். கணக்கைப் பார்: அங்குலத்துக்கு 50 மடங்கு என்றால் எட்டுக்கு 400 வரும், ஆனால் காற்றின் நடுக்கம் அனுமதிப்பது பெரும்பாலான ராத்திரிகளில் 200தான். அதற்கு 6 மில்லிமீட்டர் ஐபீஸ் போதும். மற்ற முனையில் உன் 42 மில்லிமீட்டர் ஆசை இருக்கிறதே, அதில்தான் வயசு குறுக்கே வருகிறது. 42-ஐக் குவிய விகிதம் ஆறால் (குவியதூரத்தைக் கண்ணாடியின் அகலத்தால் வகுத்தது) வகுத்தால் வெளியே வரும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர் அகலம். இருபது வயசில் நம் கண்மணி அவ்வளவு விரியும். இப்போது 5 விரிந்தால் பெரிய காரியம். மிச்ச ஒளி கருவிழி மேல் விழுந்து வீணாகும், எட்டு அங்குலம் ஆறு அங்குலத்துக்கும் கீழே சுருங்கிவிடும். 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள். ஐபீஸ்களைப் பழசாகவே வாங்கு. தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை, பிடிக்காவிட்டால் வாங்கிய விலைக்கே தள்ளிவிடலாம்.

பணம் போட வேண்டுமென்றால் இரண்டில் போடு. ஒன்று, குறிபார்க்கக் குழாயில் ஒட்டும் சிவப்பு வளைய ஃபைண்டர். பெருக்கம் இல்லாமல், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, வானத்தின் மேலேயே வளையம் மிதக்கும். தலைகீழாகக் காட்டும் சின்னக் குழாயில் கழுத்தை முறித்துக்கொண்டு தேடுகிற வயசா நமக்கு? இன்னொன்று நாற்காலி. உயரம் மாற்றக்கூடிய ஒன்று. சொன்னால் நம்ப மாட்டாய், நின்றுகொண்டு பார்த்தபோது வியாழனில் இரண்டு பட்டைதான் தெரிந்தது. உட்கார்ந்து அரை மணி நேரம் அசையாமல் பார்த்தேன், நான்காவது பட்டையும் வந்தது. கண்ணாடி அதேதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். சனியின் வளையமே சரியாகத் தெரியவில்லை என்றும் விற்பவர் குறைப்பட்டதாக எழுதியிருந்தாய். அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேள். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியபடி திரும்பியது. அந்த வருஷம் எந்த டெலஸ்கோப்பிலும் அது மெல்லிய கோடுதான். 2009-லும் அப்படித்தான் ஆயிற்று. பாவம், அதற்கும் கண்ணாடியைக் குற்றம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வந்துவிடும்.

முடிந்தால் ராத்திரியில் போய்ப் பார். குழாயை முக்கால் மணி நேரமாவது வெளியே ஆறவிடச் சொல். வீட்டுச் சூட்டோடு இருக்கும் கண்ணாடியின் மேல் காற்று நெளிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. பிறகு உச்சியில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, ஃபோகஸை உள்பக்கம் கொஞ்சம், வெளிப்பக்கம் கொஞ்சம் கலைத்து, இரண்டு பக்கமும் தெரிகிற வடிவத்தைப் பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பு. முக்கோணமாக இருந்தால் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வா.

தூக்கும்போது குழாயையும் அடிப்பலகையையும் தனித்தனியாகத் தூக்கு. சேர்ந்தால் இருபது கிலோ இருக்கும். உன் இடுப்பு எனக்குத் தெரியும்.

அன்புடன்,
தோளில் குழாய் வைத்துப் பார்த்தவன்