என் கடைப் பலகையைக் கழற்றிப் போன சபைக்கு

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் ட்ரக்ரர் வந்து நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், "அண்ணை, குறை நினையாதேங்கோ, மேல இருந்து சொல்லியிருக்கினம்" என்று சொல்லிக்கொண்டே பலகையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதில் ஒரு தம்பியின் சைக்கிளுக்கு முதல் நாள்தான் பின் ரயர் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

பலகை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். 3 அடிக்கு 2 அடி. 2010இல் மீளக் குடியேறி வந்தபோது வீடு மேயத் தந்த தகரத்தில் மிஞ்சிய துண்டு. அப்போது ஊரில் போர்ட் எழுதிக்கொண்டிருந்த ஓர் அண்ணை (இப்போது பிளெக்ஸ் வந்து அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்) நீலப் பெயின்ரில் "சைக்கிள் திருத்தப்படும்" என்று எழுதித் தந்தார். இடம் காணாமல் கடைசி 'ம்' மட்டும் சின்னதாகி, ஓரத்தில் ஏறி நிற்கும். இவ்வளவு வருசமும் அந்தக் குட்டி 'ம்'மைச் சொல்லித்தான் ஆட்கள் என் கடைக்கு வழி காட்டுகிறார்கள்.

சரி, பலகையை வீதியோர வாய்க்கால் கரையில் நட்டது பிழை என்றால் பிழைதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உங்களுக்கு உபவிதி போட அதிகாரம் தருகிறது, விளம்பரப் பலகைக்கு அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்பதும் நியாயம். கட்ட மாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. என் கேள்வி, ஏன் என் தகரத்தில் தொடங்கினீர்கள் என்பதுதான்.

கடைக்கு எதிர்ப்பக்கம் ஒழுங்கை ஒன்று ஏ9இல் ஏறுகிறது. அந்த மூலையில் இரண்டு கமுகஞ் சிலாகை நட்டு, ரியூசன் விளம்பரம் ஒன்றும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம் ஒன்றும் மேலும் கீழுமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே உள்ளது சரியாக ஒரு பள்ளிப்பிள்ளை சைக்கிளில் இருக்கும்போது கண் வரும் உயரம். ஒழுங்கையால் வருகிற பிள்ளைக்கு, முன்சில்லு வெள்ளைக்கோட்டைத் தொட்ட பிறகுதான் வவுனியாப் பக்கமிருந்து பஸ் வருகிறதா என்று தெரியும். காலை ஏழேகாலிலிருந்து ஏழரை வரை நான் ரியூப்பை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதை விட்டுவிட்டு அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு தரம் சத்தம் போட்டே பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன். உங்கள் ட்ரக்ரர் அன்றைக்குத் திரும்பிப் போனதும் அந்த ஒழுங்கையால்தான்.

தேர்தல் காலத்தில் போஸ்டர் ஒட்டவிடாமல் பொலிஸ் கிழித்துக்கொண்டு திரிந்தது. 2025 மே 6ஆம் திகதி வாக்குப் போட்டு முடிந்த பிறகு வந்த 'வாக்களித்த மக்களுக்கு நன்றி' பனர்களை யார் கிழிப்பது? சந்தியில் ஒன்று இன்னமும் ஒரு முனை மட்டும் கட்டப்பட்டபடி சோளகத்துக்குப் படபடவென்று அடிக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருசத்துக்கு மேல் சபையில் உறுப்பினர்களே இல்லை, அப்போது கேட்க ஆளில்லை என்று பேசாமல் இருந்தோம். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், பனரும் உங்களுடையதாக இருக்கிறது. (நன்றிக்கு நன்றி. கழற்றினால் இன்னும் நன்றி.)

பனர்தானே, துணிதானே என்று நினைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பிள்ளைக்கு மேல் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறியது. அங்கே நீதிமன்றம் பனர் விசயத்தில் அதற்கு முன்பே எத்தனையோ தரம் உத்தரவு போட்டிருந்தது. எங்கள் சோளகம் சென்னைக் காற்றுக்குக் குறைந்ததில்லை.

நான் சபைக்கு மூன்று தரம் வந்தேன். முதல் நாள், உபவிதியில் இருக்கிறது என்றார்கள். எந்த உபவிதி என்று கேட்டதற்கு வர்த்தமானியில் பாருங்கோ என்றார்கள். இரண்டாம் நாள், ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதி, அவர்களிடம் கேளுங்கோ என்று பதில். அவர்களுடைய வீதி என்றால் என் பலகை எப்படி உங்கள் ட்ரக்ரரில் ஏறியது? மூன்றாம் நாள் சேர் கூட்டத்தில். சதுர அடிக்கு எவ்வளவு, வீதி விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நட வேண்டும், உயரம் எவ்வளவு, இந்த மூன்று விசயத்தைத் தமிழில் எழுதி உங்கள் வாசலில் ஒரு போர்ட் வைத்திருந்தால் எனக்கு மூன்று நாள் வேலை கெட்டிருக்காது.

மகன் போனில் ஒன்று காட்டினான். பிரேசிலில் சாவோ பாவுலோ நகரத்தில் 2007இலிருந்து வெளி விளம்பரம் கிட்டத்தட்ட முழுக்கத் தடையாம். கடைக்காரருக்கு மட்டும், முகப்பு 10 மீற்றருக்குக் குறைந்தால் ஒன்றரைச் சதுர மீற்றர் பெயர்ப்பலகை. அவ்வளவுதான் விதி, அளவுநாடா வைத்திருக்கிறவன் எவனும் தானே அளந்து பார்க்கலாம். எங்களுக்கு அவ்வளவு கடுமையும் வேண்டாம். ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை இந்த வீதியில் கடை வைத்திருப்பவர்கள் போகிற வாகனத்தை நிற்பாட்டித்தான் சீவிக்கிறோம். முறிகண்டியில் பிள்ளையார் இருக்கிறார், பலகை இல்லாமலே எல்லாரும் நிற்பார்கள். எங்களுக்குப் பலகைதான் பிள்ளையார்.

இன்னொன்று. பக்கத்துப் பலசரக்குக் கடைக்குக் குளிர்பானக் கொம்பனி ஒன்று இலவசமாகப் போர்ட் அடித்துக் கொடுத்தது. பத்தடிப் போர்ட்டில் முக்கால்வாசி போத்தல் படம், கடைப் பெயர் கீழ் மூலையில். விளம்பரக் கட்டணச் சீட்டு வந்தது கொம்பனிக்கு இல்லை, கடைக்கார அக்காவுக்கு. போத்தலுக்குரிய சதுர அடியைக் கொம்பனியிடம் அறவிடுங்கள், அக்கா தன் பெயருக்குரியதைக் கட்டுவார்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அந்த உபவிதியின் பிரதியும் இந்த வருசம் கழற்றிய பலகைகளின் விபரமும் கேட்டு நேற்று உங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முதல் யாராவது வந்து எதிர்மூலையில் உள்ள இரண்டையும் கழற்றினால் நல்லது. ஏணி தேவையில்லை, குறடு நான் தருகிறேன்.

என் பலகை உங்கள் ட்ரக்ரர் கொட்டிலுக்குப் பின்னால் வேலியோடு சாத்திக் கிடக்கிறது, விண்ணப்பம் கொடுக்க வந்தபோது கண்டேன். கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டிவிட்டு எடுத்துப்போய் வாய்க்காலுக்கு உள்பக்கமாக நடுகிறேன். அதுவரைக்கும் கூரைக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மாரி தொடங்கினால் தகரம் கறள் பிடித்துவிடும், அந்த 'ம்' ஏற்கெனவே கொஞ்சம் உரிந்துபோய்த்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
குட்டி 'ம்' கடைக்காரன்