நாலு எழுத்தை வச்சு ஆளை எடை போடாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல 'நீங்க எந்த டைப்?'னு ஒரு பக்கம் வந்துச்சு, அதுல இருந்த கேள்விக்கெல்லாம் என் பொண்ணு, வீட்டுக்காரர், நான் எல்லாரும் உக்காந்து டிக் பண்ணி பார்த்தோம், அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கடைசில அதிகம் பேசாதவங்க பொதுமக்களை சந்திக்கிற வேலைக்கு சரிப்பட மாட்டாங்க, கலகலன்னு பேசுறவங்கதான் லீடர் ஆவாங்கன்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

நான் பொதுத்துறை வங்கி ஒண்ணுல 24 வருஷமா வேலை பார்க்குறேன். எங்க பிராஞ்ச் சின்ன ஊர்ல இருக்கு, பென்ஷன்காரங்க ஜாஸ்தி. எங்க கேஷியர் சார் ஒருத்தர், காலைல வந்தா ஒரு குட் மார்னிங், சாயங்காலம் போகும்போது ஒரு வரேன், நடுவுல நாமளா கேட்டா உண்டு. நான் அவருக்கு நேர் எதிர். மனசுல ஒண்ணு தோணுச்சுன்னா உடனே கேட்கணும், உடனே பதில் வரணும். அவர் சீட்டுக்கு போய் நின்னு ஏதாவது கேட்டா தலை நிமிராம கம்ப்யூட்டரையே பார்த்துட்டு இருப்பார், எனக்கு சுருக்குன்னு இருக்கும், ரெண்டு வருஷம் அவரை தலைக்கனம் பிடிச்ச ஆளுன்னே நினைச்சிருந்தேன். ஒரு நாள் டீ குடிக்கும்போது வாய் விட்டே கேட்டுட்டேன். "மேடம், நீங்க கேட்ட உடனே சொன்னா தப்பா சொல்லிடுவேனோன்னு பயம், ஒரு சீட்டுல எழுதி வச்சிட்டு போங்க, நான் பார்த்துட்டு நானே வந்து சொல்றேன்"னார். அவ்வளவுதான் விஷயம். அன்னைலேருந்து அவர்கிட்ட கேட்க வேண்டியதெல்லாம் துண்டு சீட்டுலதான், பதில் மதியத்துக்குள்ள வந்துடும், ஒரு தடவை கூட தப்பா வந்ததில்ல. ரெண்டு வருஷம் வீணா முகத்தை திருப்பிக்கிட்டு போனேனேன்னு இப்பவும் வருத்தமா இருக்கு.

2016 நவம்பர் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க, மறுநாள் பேங்க் லீவு, 10ஆம் தேதி காலைல ஷட்டரை தூக்குறதுக்கு முன்னாடியே கூட்டம் தெருமுனை வரைக்கும் நிக்குது. நோட்டு மாத்துறதுக்கு முதல்ல 4000ம்னாங்க, அப்புறம் 4500, அப்புறம் 2000, நடுவுல விரல்ல மை வைக்கணும்னாங்க. எல்லாத்துலயும் ஒழுங்கு பார்க்குற எங்க அப்போதைய மேனேஜர், பாவம், ரூல் மாற மாற நொந்து போய் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தார், எதையும் முன்கூட்டியே திட்டம் போட்டு செய்யுறவருக்கு அந்த மாதிரி நேரம் ரொம்ப கஷ்டம், அவரை குத்தம் சொல்ல முடியாது. கூட்டத்தை சமாளிச்சது யாருன்னா எல்லா வேலையும் ஒரே இடத்துல முடியுற சிங்கிள் விண்டோ கவுண்ட்டர்ல இருந்த ஒரு சின்னப் பொண்ணு, வாய் ஓயாம பேசும், சண்டைக்கு வர்றவங்களை அண்ணே, சித்தப்பான்னு கூப்பிட்டே அடக்கிடும். நவம்பர் மாசம்தான் பென்ஷன்காரங்க ஆயுள் சான்று கொடுக்க வர்ற மாசமும், அந்த நெரிசல்ல வந்து நின்ன வயசானவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா உக்கார வச்சு, ஃபாரம் நிரப்பி, காது கேட்காதவங்களுக்கு பேப்பர்ல பெருசா எழுதிக் காட்டி அனுப்பினது யார் தெரியுமா, பேசவே பேசாதவர்னு சொன்னேனே, அந்த கேஷியர் சார்.

அந்த நாட்கள்ல ஒரு சாயங்காலம் கேஷ் டேலி ஆகல, 9000 ரூபா குறையுது. அந்தப் பொண்ணு கவுண்ட்டர். அழ ஆரம்பிச்சிட்டா, கைக்காசை போட்டுடறேன்னா. கேஷியர் சார் வந்து நின்னு, "9000 ஒம்பதால வகுபடுது, எங்கேயோ ரெண்டு எண் இடம் மாறி விழுந்திருக்கும்"னு ஒரே வார்த்தைதான் சொன்னார், சொல்லிட்டு அன்னைக்கு வவுச்சர் கட்டை பிரிச்சு ஒண்ணொண்ணா பார்க்க ஆரம்பிச்சார். ராத்திரி ஒம்பது மணி வாக்குல கிடைச்சுது, ஒருத்தர் கட்டின 12,000த்தை 21,000ம்னு அடிச்சிருக்கா (இப்படி பக்கத்து எண் இடம் மாறினா வர்ற வித்தியாசம் எப்பவும் ஒம்பதால வகுபடுமாம்). அவ வேகம் இல்லன்னா அன்னைக்கு அந்தக் கூட்டம் கலைஞ்சிருக்காது, அவர் நிதானம் இல்லன்னா அவ அந்தக் காசை கட்டியிருப்பா. பேங்க்ல ஒரு தொகைக்கு மேல போனா ஒருத்தர் என்ட்ரி போடணும், இன்னொருத்தர் பார்த்து பாஸ் பண்ணணும், ஒரே ஆள் ரெண்டும் செய்யக் கூடாது, பணப் பெட்டகத்துக்கும் ரெண்டு பேர்கிட்ட ரெண்டு சாவி. திருட்டுக்கு பயந்து வச்ச ஏற்பாடுன்னு மட்டும் நினைச்சிட்டு இருந்தேன், ஒருத்தர் கண்ணுல படாதது இன்னொருத்தர் கண்ணுல படும்ங்கிறதும் அதுல இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இப்போ போன வருஷம் எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் நடந்துச்சு. டெஸ்ட் எழுத வச்சு ஆளுக்கு அவங்கவங்க குணத்தைக் குறிக்கிற நாலு எழுத்து கொடுத்தாங்க, மொத்தம் 16 வகை. அதோட விட்டிருந்தா பரவாயில்ல, அதை ஃபைல்ல ஏத்தி ரெண்டு மாசத்துல வேலை பார்க்குற இடத்தையும் மாத்திட்டாங்க. கேஷியர் சார் 'உள்முகம்', அதாவது அதிகம் பேசாத டைப், அதனால கஸ்டமரே வராத பேக் ஆபீஸுக்கு. அந்தப் பொண்ணு 'வெளிமுகம்', கலகலன்னு பழகுற டைப், அதனால இன்சூரன்ஸ் விக்க டார்கெட் கொடுத்து அனுப்பிட்டாங்க. அவளுக்கு பேசப் பிடிக்கும் சார், விக்கப் பிடிக்காது, நம்பி வர்ற கிழவிகிட்ட பாலிசியை எப்படி தலைல கட்டுறதுன்னு கேட்டு அழுதா, இப்போ லீவுல இருக்கா.

அப்புறம்தான் மையர்ஸ்-பிரிக்ஸ்ங்கிற இந்த டெஸ்டோட கதையை தேடிப் படிச்சேன். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யூங் 1921ல எழுதினதை வச்சு அமெரிக்காவுல கேதரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸும் சேர்ந்து உண்டாக்கினது. ரெண்டாம் உலகப் போர் சமயம் புதுசா வேலைக்கு வந்த பெண்களுக்கு எது ஒத்துப்போகும்னு காட்டலாமேங்கிற நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா இதை வச்சு ஆளை வேலைக்கு எடுக்கறது, கழிக்கறது கூடாதுன்னு அந்த டெஸ்ட் நடத்துற தரப்பே சொல்லுது. அதுல இருக்கிற பெரிய ஓட்டை என்னன்னா, பரீட்சைல 34 எடுத்தவன் பெயில், 35 எடுத்தவன் பாஸ், ரெண்டு பேருக்கும் அறிவுல என்ன வித்தியாசம்? அதே மாதிரிதான் இங்கயும், முக்கால்வாசிப் பேர் நடுவுலதான் இருக்கோம், நடுவுல ஒரு கோட்டை கிழிச்சு இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம்ங்கிறாங்க. அதனாலதான் சில வாரம் கழிச்சு மறுபடி எழுதினா நிறைய பேருக்கு எழுத்து மாறி வருது, எனக்கும் ஒண்ணு மாறிச்சு. மனோதத்துவ ஆராய்ச்சி பண்றவங்க இப்போ பெரும்பாலும் அஞ்சு குணத்தை அளவுகோல் மாதிரி வச்சு பார்க்குறாங்க, டப்பாக்குள்ள அடைக்கிறதில்ல. 1991லயே பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்ததுல, அந்த அஞ்சுல எந்த வேலையா இருந்தாலும் ஒத்து வர்ற குணம் பொறுப்பா செய்யுறதுதான்னு வந்திருக்கு. கலகலப்பு சேல்ஸ், மேனேஜர் மாதிரி வேலைகளுக்கு உதவுதாம், எல்லாத்துக்கும் இல்ல.

குணம் வேற வேறன்னு பேசவே கூடாதுன்னு நான் சொல்லல. அந்த மேனேஜருக்கு அடுத்து எங்களுக்கு வந்த மேனேஜர் மேடம் டெஸ்ட் எதுவும் வைக்கல, மீட்டிங்ல என்ன பேசப் போறோம்னு முந்தின நாள் சாயங்காலமே போர்டுல எழுதிடுவாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வாயே திறக்காத மூணு பேர் பேசினாங்க, அதுல ஒருத்தர் சொன்ன யோசனைதான் பென்ஷன் நாள்ல வயசானவங்களுக்கு தனி டோக்கன். ஆளை மாத்தாம நடைமுறையை கொஞ்சம் மாத்தினாங்க, அவ்வளவுதான். அந்த மாதிரி விஷயங்களை உங்க பக்கத்துல போடுங்களேன், வேலை தேடுற பிள்ளைங்க படிக்கிற பக்கம் அது, 'நான் அதிகம் பேச மாட்டேன், அதனால பேங்க் பரீட்சை எழுதல'ன்னு ஒரு பிள்ளை ஒதுங்கிடக் கூடாது.

கேஷியர் சார் ரிட்டயர் ஆக இன்னும் 14 மாசம் இருக்கு. அவரை பென்ஷன் கவுண்ட்டருக்கே திருப்பி அனுப்பச் சொல்லி ஸ்டாஃப் எல்லாரும் கையெழுத்து போட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம், விஷயம் தெரிஞ்சு பென்ஷன் வாங்குற 40 பேர் தனியா ஒரு மனு கொடுத்திருக்காங்க, அதுல பாதி கைநாட்டு. பதில் இன்னும் வரல.

இப்படிக்கு,
ஒரு வங்கி ஊழியர்,
திருநெல்வேலி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்னு கேட்டுக்கிறேன்.)