கவுன் ஆர்டர் போடுமுன்

அன்புள்ள செல்வி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ராணியைப் பார்த்தால் பச்சைப் புடவையை ஞாபகப்படுத்து.

உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் துணி கவுனை நிறுத்தி, ஒரு தடவை போட்டு எறியும் கவுனுக்கு மாறப்போவதாக மேரி சொன்னாள். ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிடாதே, முதலில் இதைப் படி.

காட்டன் கவுனைக் கைவிடுவது சரிதான். நனைந்தால் ரத்தத்தைத் தடுக்காது, பஞ்சும் உதிரும். ஆனால் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் கவுன் இருக்கிறதே! ஒன்று சுமார் 75 சலவை தாங்கும். எறிகிற கவுன் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். எரிக்கிற மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய் 1 கிலோ எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. "துவைக்கத் தண்ணீர்?" என்று கேட்பாய், தெரியும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் சலவையையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். அப்படியும் துவைக்கிற கவுனுக்குக் கரியமில வாயு 66%, தண்ணீர் 83%, திடக்கழிவு 84% குறைவு.

எல்லாம் லாண்டரி அண்ணன் கையில்தான் இருக்கிறது. ரத்தக்கறை பட்டதை முதலில் குளிர்ந்த நீரில் அலசச் சொல். நேரே சுடுநீரில் போட்டால் கறை உறைந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் 71 டிகிரியில் 3 நிமிடம், அல்லது 65இல் 10 நிமிடம். மீட்டர் 71 காட்டியதுமே எண்ணத் தொடங்குவதுதான் தப்பு. துணியின் நடுவரை சூடு ஏற, டிரம் நிறைந்திருந்தால் இன்னும் 8 நிமிடம் விட வேண்டும். ஹைப்போவில், அதாவது பிளீச்சில், ஊறப்போடக் கூடாது, சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். இரண்டும் நீர் ஒட்டாத தன்மையைக் கெடுக்கும். சோப்பு மிச்சமிருந்தாலும் அதே கதிதான், நன்றாக அலச வேண்டும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். காய்ந்ததும் டிரையரை நிறுத்தினால் கரண்ட் மிச்சம்.

ஒவ்வொரு கவுனிலும் அழியாத மையில் கட்டம் போட்டு, சலவைக்கு ஒன்றாகக் குறியுங்கள். எண்ணிக்கை தெரியாத கவுனை நம்பி யாரும் டேபிளில் நிற்கக் கூடாது, செல்வி. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மடிக்குமுன் விளக்கின் மேல் விரித்துப் பாருங்கள், ஊசி முனை ஓட்டைகூடத் தெரியும். ஓட்டையைத் தைக்காதீர்கள்; ஊசி போன ஒவ்வொரு துளையிலும் ஈரம் கசியும். சூட்டில் ஒட்டும் பட்டைதான் சரி. ஆட்டோகிளேவுக்கு, அதாவது நீராவியில் கிருமி நீக்கும் மெஷினுக்கு, போகும் கவுன் பேக் 5 கிலோவைத் தாண்டவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. நீராவி உள்ளே போகாது, பேக்கும் ஈரமாகவே வெளியே வரும்.

கையுறையையும் கொஞ்சம் கவனி. பி.பி. பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் உன் நர்ஸ் பிள்ளைகள் எதற்குக் கையுறை மாட்டுகிறார்கள்? கை கழுவினால் போதுமே.

ஒரு நாளைக்கு எத்தனை கேஸ், லாண்டரியில் எத்தனை கிலோ மெஷின் என்று எழுது. எத்தனை செட் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கலா